வேடிக்கை பார்க்கும் குழந்தையின் ஒரு மணி நேரம்

"கொடுத்த காசுக்கு இவன் விளையாடவே இல்லையேக்கா" என்று காரில் ஏறி உட்கார்ந்ததும் என் தங்கை சொன்னாள். கோபத்தில் சொல்லவில்லை. மாதக் கடைசியில் ஒரு செலவைச் செய்துவிட்டு, அதற்கு ஈடாக என்ன கிடைத்தது என்று மனத்துக்குள் கூட்டிக் கழித்துப் பார்க்கும் குரல் அது. நான்கு வயது முடிந்த அவளுடைய மகன் என் மடியில் சாய்ந்து, விசும்பியபடியே தூங்கிப்போயிருந்தான். அவன் விளையாடவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரும்பாலான நேரம் ஒரு தூணில் சாய்ந்து நின்ற பிள்ளையை, விளையாடினான் என்று எந்தக் கணக்கில் சொல்வது என்றும் எனக்கு உடனே விளங்கவில்லை. குழந்தைகளோடு போவதற்கென்றே நகரத்தில் உருவாகியிருக்கும் கஃபேக்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். நினைத்தவை எல்லாம் இப்போது இந்த ஒரு கேள்வியிலேயே வந்து நிற்கின்றன.

நாங்கள் போயிருந்தது அடையாற்றில், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில், பழைய தனி வீட்டை மாற்றியமைத்து நடத்தப்படும் ஒரு கஃபே. இப்படிப்பட்ட இடங்கள் சென்னையில் பரவலாகிவிட்டதால் அமைப்பை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. முன்பக்கம் மேசைகளும் காபி இயந்திரமும், நடுவே கண்ணாடித் தடுப்பு, அதற்கு அப்பால் மெத்தை பதித்த தரை, பந்துக் குளம், சறுக்குமரம், பொம்மைச் சமையலறை. செருப்பை வாசலில் விட வேண்டும். அடியில் ரப்பர் புள்ளிகள் வைத்த, வழுக்காத சாக்ஸ் குழந்தைக்கும் உள்ளே செல்லும் பெரியவருக்கும் கட்டாயம். வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை என்றால் அங்கேயே வாங்கிக்கொள்ள வேண்டும். விளையாடும் இடத்தில் அடிபட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல என்ற படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். வீட்டின் நடுக்கூடத்தில் இருந்த பழைய தூண் ஒன்றை இடிக்காமல், சுற்றிலும் பஞ்சு மெத்தையைக் கட்டி அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்தத் தூண் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த இடங்களை வசதி படைத்தவர்களின் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிறு குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியே சென்று, ஒரு காபியைச் சூடு ஆறுவதற்குள் குடித்து முடிப்பது என்பது அதைச் செய்ய முயன்றவர்களுக்கு மட்டுமே தெரியும் காரியம். வழக்கமான உணவகங்களில் குழந்தை அழத் தொடங்கியதும் பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்க்கும். இங்கே யாரும் திரும்புவதில்லை. குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கழிப்பறை இருக்கிறது. டயப்பர் மாற்றும் மேசையைப் பெண்கள் கழிப்பறைக்குள் வைக்காமல் பொது நடைவழியில் ஒரு மறைப்புக்குப் பின்னால் வைத்திருப்பதை நான் குறிப்பாகப் பாராட்டுவேன், ஏனென்றால் அன்று அதைப் பயன்படுத்தியவர்களில் இருவர் அப்பாக்கள். பாலூட்டுவதற்குத் திரையிட்ட ஒரு மூலை இருந்தது. தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் 2015இல்தான் அரசால் திறக்கப்பட்டன. அதற்கு முன்பு கைக்குழந்தையோடு பயணம் செய்த பெண்கள் முந்தானையையே சுவராக வைத்துச் சமாளித்தார்கள். பொது இடம் என்பது குழந்தையையும் அதைத் தூக்கிக்கொண்டு வருபவரையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமே நமக்குப் புதிது. அதை ஒரு வியாபாரி முதலில் கண்டுகொண்டால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வெயிலும் ஒரு காரணம். மே மாதத்துச் சென்னையில், காலை பத்து மணிக்கு மேல் பூங்கா ஊஞ்சலின் சங்கிலியைக் கையால் பிடிக்க முடியாது. தங்கை வேளச்சேரியில் இருக்கிறாள். அவளுடைய அடுக்குமாடிக் குடியிருப்பில் குழந்தைகள் விளையாடுவதற்கு இருப்பது தரைத்தளத்துக் கார் நிறுத்துமிடம் மட்டுமே. அதிலும் பந்து யாருடைய காரில் பட்டது என்ற விசாரணை வாரந்தோறும் நடக்கும். வீட்டு வாசலில் இறங்கினால் தெரு என்று ஒன்று இல்லை, இருபுறமும் வண்டிகள் நிற்கும் ஒரு வழித்தடம்தான் இருக்கிறது. எனவே, குளிரூட்டப்பட்ட ஓர் அறையில், சுத்தமான தரையில், மற்ற குழந்தைகளும் இருக்கும் இடத்துக்குத் தன் மகனை அழைத்துச் செல்ல அவள் விரும்பியதும், அதற்காகப் பணம் சேர்த்து வைத்ததும் முழுக்க நியாயமானவை.

கையில் கட்டிய பட்டை

உள்ளே செல்லும் குழந்தையின் மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டையைக் கட்டுகிறார்கள். எந்த நேரத்தில் நுழைந்த குழந்தை என்பது அதன் நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எங்களுக்குக் கிடைத்தது ஆரஞ்சு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு கட்டணம். அதற்கு மேல் ஒவ்வொரு அரை மணிக்கும் தனிக் கட்டணம். எங்கள் இருவரின் காபிக்கும் சேர்த்து ஆன தொகையைவிட அந்த ஒரு மணி நேரத்தின் விலை அதிகம். உள்ளே ஒரு பெரியவர் இலவசம். இரண்டாமவர் என்றால் அவருக்கும் பணம் கட்ட வேண்டும். ஆகவே தங்கை உள்ளே போனால் நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், நான் போனால் அவள் இந்தப் பக்கம்.

பட்டை கையில் ஏறியதிலிருந்து பெரியவர்களின் நடத்தை மாறுவதை அன்று நான் கூர்ந்து கவனித்தேன். அதற்கு முன்பு வரை, "மெதுவா போ, பாத்துப் போ" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், உள்ளே நுழைந்த கணத்திலிருந்து "போ, போ, ஏறு, குதி" என்று சொல்லத் தொடங்கினார்கள். பந்துக் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து ஒரே ஒரு பந்தை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியை அவளுடைய தாத்தா தூக்கி நடுவில் வைத்தார். சறுக்குமரத்தின் உச்சியில் நின்று கீழே இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த பையனை அவனுடைய அம்மா கையசைத்துக் கையசைத்து இறங்கச் சொன்னார். யாரும் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. எல்லோரும் அன்பாகவே சொன்னார்கள். ஆனால் எல்லோருடைய கண்ணும் ஒரு முறை குழந்தையையும் மறு முறை சுவர்க் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. பூங்காவில் இதே தாத்தா தன் பேத்தி ஓர் எறும்பு வரிசையை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பதைப் பொறுமையாக அனுமதிப்பார் என்று நான் நம்புகிறேன்.

தூணுக்குப் பக்கத்தில்

தங்கை மகன் உள்ளே போனதும் பந்துக் குளத்தை ஒரு முறை எட்டிப் பார்த்தான். பிறகு அந்தத் தூணுக்கு வந்து அதில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டான். அங்கிருந்து பார்த்தால் பொம்மைச் சமையலறை நேரெதிரே தெரியும். அங்கே இரண்டு அக்கா தங்கைகளும் ஒரு பையனும் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்தார்கள். பெரியவளுக்கு ஆறு வயது இருக்கலாம். அவள் அடுப்பில் தோசை திருப்பினாள், சின்னவள் கல்லாவில் இருந்தாள், பையன் பரிமாறினான். இல்லாத வாடிக்கையாளர்களுக்கு வரிசையாகத் தட்டுகள் போய்க்கொண்டிருந்தன. இவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். நடுவில் ஒரு முறை சமையலறையின் பின்பக்கமாகச் சுற்றி நடந்து, மறுபடியும் தூணுக்கே வந்தான். அங்கே பணியில் இருந்த இளம்பெண் அன்போடு இவன் கையைப் பிடித்துச் சறுக்குமரத்துக்கு அழைத்துச் சென்றார். அவருக்காக ஒரு முறை சறுக்கிவிட்டு, மறுபடியும் தூண். வேறொரு குழந்தையின் அப்பா, "என்னப்பா தம்பி, சும்மா நிக்கிற? போய்க் குதி" என்றார். பதில் இல்லை.

பாதி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. கண்ணாடிக்கு வெளியே இருந்து கைகாட்டிக் களைத்த தங்கை என்னோடு இடம் மாற்றிக்கொண்டு உள்ளே போனாள். இவன் காதருகே குனிந்து, "நானும் விளையாட வரட்டுமான்னு அவங்ககிட்ட கேளு" என்றாள். இவன் போனான், கேட்டான். அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலேயே பெரியவள், "ஹோட்டல் மூடியாச்சு" என்றாள். அப்படிச் சொன்ன கையோடு அடுத்த தோசையையும் வார்த்தாள். இவன் திரும்பி வந்து தூணில் சாய்ந்தான். தங்கையின் முகம் வாடிவிட்டது. அவ்வளவுதான், இனி அவன் போக மாட்டான் என்று நானும் நினைத்தேன்.

சற்று நேரம் சென்று அவன் செய்ததை நான் கண்ணாடி வழியாக முழுவதும் பார்த்தேன். சமையலறைக்கு எதிர் மூலையில் கேட்பாரற்றுக் கிடந்த பிளாஸ்டிக் சாமான் குவியலுக்குப் போய், அதிலிருந்து ஒரு தட்டை எடுத்தான். ஹோட்டலுக்கு முன்னால் இருந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை மேசைமேல் வைத்தான். யாரையும் பார்க்கவில்லை, எதுவும் கேட்கவில்லை, காத்திருந்தான். பரிமாறும் பையன் இரண்டு முறை அவனைக் கடந்து போனான். மூன்றாம் முறை நின்று, "என்ன சார் வேணும்?" என்றான். "பொடி தோசை." அந்தப் பையன் திரும்பி, "அண்ணாக்கு ஒரு பொடி தோசை" என்று குரல் கொடுத்தான், பெரியவள் கல்லில் வார்க்கத் தொடங்கினாள். ஹோட்டல் மூடியிருந்தது யாருக்கும் நினைவில்லை. சாப்பிட்டு, பில் கேட்டு, கல்லாவில் இல்லாத பணத்தைக் கொடுத்து, பிறகு தானாகவே எழுந்துபோய்த் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தான். கழுவும் ஆள் அந்த ஹோட்டலில் அதுவரை இல்லை. நான்கு குழந்தைகளும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள்.

ஆரஞ்சுப் பட்டைக்காரர்களுக்கு நேரம் முடிந்துவிட்டது என்று அந்த இளம்பெண் வந்து சொன்னது அதற்குப் பத்து நிமிடத்துக்குள்தான் இருக்கும். தங்கை இன்னும் அரை மணிக்குப் பணம் கட்டுவதாகச் சொன்னாள். "சாரி மேடம், அடுத்து ஒரு பர்த்டே பார்ட்டி புக் ஆகியிருக்கு" என்று அவர் உண்மையான வருத்தத்தோடு பதில் சொன்னார். அதன் பிறகு நடந்த அழுகையை எந்தப் பெற்றோருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அங்கே நடந்தது என்ன?

குழந்தைகளின் விளையாட்டை வகைப்படுத்தியவர்களில் இன்றும் முதலில் குறிப்பிடப்படுபவர் மில்ட்ரெட் பார்ட்டன். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவர், மழலையர் பள்ளிக் குழந்தைகளைச் சிறு சிறு நேரத் துண்டுகளாகக் கவனித்துக் குறித்து, 1932இல் வெளியிட்ட ஆய்வில் ஆறு நிலைகளைச் சொன்னார். எதிலும் ஈடுபடாதிருத்தல், வேடிக்கை பார்த்தல், தனியே விளையாடுதல், அருகருகே ஆனால் அவரவர் போக்கில் விளையாடுதல், கலந்து விளையாடுதல், கூடித் திட்டமிட்டு விளையாடுதல். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது முதல் இரண்டுக்கும் இடையில் அவர் கண்ட வேறுபாடு. ஈடுபாடில்லாத குழந்தை அந்தந்தக் கணத்தில் எது கண்ணில் படுகிறதோ அதைப் பார்க்கும். வேடிக்கை பார்க்கும் குழந்தையோ ஒரு குறிப்பிட்ட கூட்டத்தைத் தேர்ந்துகொண்டு, அவர்கள் பேசுவது காதில் விழும் தூரத்தில் நின்று, நடப்பதை எல்லாம் கவனிக்கும். தூணிலிருந்து சமையலறைக்கு இருந்த தூரம் அதுதான். தங்கை மகன் எங்கு நிற்பது என்பதில் ஒரு முடிவு எடுத்திருந்தான்.

ஆனால் பார்ட்டனின் பட்டியலை மாடிப்படி போல வாசிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கீழ்ப்படியில் நிற்கும் குழந்தை வளர்ச்சியில் பின்தங்கியது என்றும், எப்படியாவது அதை மேல்படிக்கு ஏற்றிவிட வேண்டும் என்றும் அவர்கள் நினைக்கிறார்கள். 1980இல் ரோஜர் பேக்மனும் ஜான் பிரவுன்லீயும் செய்த ஆய்வு இந்த வாசிப்பை அசைத்தது. மூன்று வயதுக் குழந்தைகளின் விளையாட்டில் எதைத் தொடர்ந்து எது வருகிறது என்ற வரிசையைக் கவனித்த அவர்கள், அருகருகே அவரவர் போக்கில் விளையாடும் நேரம், பல சமயங்களில் கூட்டு விளையாட்டுக்குள் நுழையும் வாயிலாக அமைவதைக் கண்டார்கள். அதாவது, ஒரே குழந்தை ஒரே காலைப் பொழுதில் இந்த நிலைகளுக்குள் போய் வருகிறது. ஒன்றைக் கொண்டு இன்னொன்றை அடைகிறது.

இன்னும் நெருக்கமாகப் பார்த்தவர் வில்லியம் கோர்சாரோ என்ற சமூகவியலாளர். 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு மழலையர் பள்ளியில் பல மாதங்கள் குழந்தைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து கவனித்தவர். விளையாடிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்குள் புதிய குழந்தை எப்படி நுழைகிறது என்பதைப் பற்றி 1979இல் எழுதினார். விளையாட்டு என்பது சிறு இடையூறிலும் கலைந்துவிடக்கூடியது என்பதைக் குழந்தைகள் அறிந்திருக்கிறார்கள், அதனால் புதியவர்களைத் தடுத்து அதைக் காக்கிறார்கள். நுழைய விரும்பும் குழந்தை அருகே வந்து பேசாமல் நிற்கும், இடத்தைச் சுற்றி வரும், பிறகு அங்கே நடந்துகொண்டிருக்கும் விளையாட்டுக்குப் பொருந்தும் ஒரு செயலைத் தானே செய்யத் தொடங்கும். "நானும் வரலாமா?" என்று நேரடியாகக் கேட்பது அரிது, ஏனென்றால் அப்படிக் கேட்டால் பெரும்பாலும் "முடியாது" என்ற பதிலே வரும். இதை நான் வாசித்தபோது அந்த அடையாற்றுக் கஃபேயே எழுந்து வந்து கண்முன் நின்றது. பின்பக்கமாகச் சுற்றி வந்தது, மூடிய ஹோட்டல், தட்டோடு வந்து அமர்ந்த வாடிக்கையாளர், எல்லாம் அதில் இருந்தன. பெரியவர்கள் கற்றுக்கொடுக்கும் மரியாதையான கேள்விதான் அந்த உலகத்தில் மிகவும் பலவீனமான வழி. அந்த ஹோட்டலுக்கு எது தேவை என்பதை அரை மணி நேரத்துக்கு மேல் பார்த்துத் தெரிந்துகொண்டதால்தான் அவனால் அதற்குள் போக முடிந்தது. எல்லோரும் முதலாளிகளாகவும் பணியாளர்களாகவும் இருந்த இடத்துக்கு ஒரு வாடிக்கையாளர் வேண்டியிருந்தது.

தெருவில் விளையாடிய தலைமுறைக்கு இதை அறிவதற்கு ஆய்வு தேவைப்படவில்லை. நாங்கள் வளர்ந்த தெருவில் கல்லா மண்ணாவோ கண்ணாமூச்சியோ நடக்கும்போது, வீட்டுத் திண்ணையில் எப்போதும் இரண்டு மூன்று சிறுபிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் அவர்களை "வா" என்று இழுத்ததில்லை, "போ" என்று விரட்டியதும் இல்லை. சில நாள்கள் கழித்து அவர்களில் ஒருவர் ஒப்புக்குச் சப்பாணியாக ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படுவார். அவரைப் பிடித்தாலும் அவுட் கிடையாது, அவர் பிடித்தாலும் கணக்கில் வராது. எல்லோரோடும் ஓடலாம், எல்லோரோடும் கத்தலாம். எப்போது அவர் முழு ஆட்டக்காரர் ஆனார் என்பது ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெயர் மாற்றுத்திறனாளிகளைப் புண்படுத்துவது, அதை நான் இன்று குழந்தைகளிடம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஏற்பாடு மிகவும் கனிவானது. வேடிக்கை பார்ப்பவருக்கும் ஆடுபவருக்கும் நடுவே, தோற்கவே முடியாத ஓர் இடத்தைப் பிள்ளைகளே உருவாக்கி வைத்திருந்தார்கள். திண்ணைக்கு வாடகை இல்லை, கடிகாரமும் இல்லை என்பதால் அது முடிந்தது.

மணிக்கணக்கு யாருக்குப் பொருந்துகிறது

ஒரு மணி நேரம் என்ற அளவு எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவல்ல என்பதுதான் நான் வந்து சேர்ந்திருக்கும் இடம். கதவைத் திறந்ததும் ஓடிப்போய்ப் பந்துக் குளத்தில் விழும் குழந்தைக்கு அறுபது நிமிடமும் விளையாட்டு. பார்த்துப் பழகி நுழையும் குழந்தைக்கு அதில் முக்கால் பங்கு நுழைவதற்கே ஆகிவிடும். இரண்டுக்கும் ஒரே விலை. இரண்டாவது குழந்தையின் பெற்றோருக்கு, தங்கள் பிள்ளை காசை வீணாக்கியதாகத் தோன்றுகிறது. அடுத்த முறை கொஞ்சம் முன்னதாகவே தள்ளிவிடுகிறார்கள். தள்ளப்பட்ட குழந்தை இன்னும் தாமதமாக நுழைகிறது. கூச்ச சுபாவம் என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி இப்படி நேரத்துக்கு விலை வைத்ததால் வந்தது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கடிகாரம் இல்லாத இடத்தில் அதே குழந்தையை யாரும் கூச்சப்படுவதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள், பொறுமைசாலி என்றுகூடச் சொல்லியிருப்பார்கள்.

பிறகு ஒரு வேலைநாளில் தனியாகப் போய் அந்தக் கஃபேயின் உரிமையாளரான பெண்மணியிடம் இதைப் பற்றிப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். அவருடைய பக்கத்து நியாயமும் வலுவானது. அடையாற்றில் ஒரு தனி வீட்டின் வாடகை, நாள் முழுவதும் ஓடும் குளிர்சாதனம், பந்துகளையும் மெத்தைகளையும் கழுவித் துடைக்க ஆட்கள், உள்ளே கண்காணிக்கப் பணியாளர்கள். ஒரே நேரத்தில் இத்தனை குழந்தைகளுக்கு மேல் அனுமதித்தால் யாருக்காவது அடிபடும். எனவே யாராவது வெளியே போனால்தான் வாசலில் நிற்கும் குழந்தை உள்ளே வர முடியும். காபி விற்பனையால் மட்டும் அந்த இடத்தை நடத்த முடியாது. வேலைநாள்களில் மதியம் வரை தாங்கள் பட்டையே கட்டுவதில்லை, ஒரு கட்டணத்துக்கு எவ்வளவு நேரமும் இருக்கலாம் என்றும் சொன்னார். அது நல்ல ஏற்பாடு. ஆனால் என் தங்கை வேலைக்குப் போகிறவள். அவளுக்குக் கிடைப்பது சனி, ஞாயிறு மட்டுமே. வேலைநாள் காலையில் வருபவர்கள் வீட்டில் இருக்கும் தாய்மாரும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருப்பவர்களும்தான். கூட்டம் அதிகமாக இருக்கும் விடுமுறை நாளில்தான் மெதுவான குழந்தைக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். அந்த நாளில்தான் பட்டை கட்டுகிறார்கள்.

அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். விளையாடும் இடத்துக்குள் நுழையும் இடத்தில், தடுப்புக்கு இந்தப் பக்கமாக, குழந்தையின் உயரத்துக்கு ஒரு தாழ்ந்த பலகை போட்டு, அங்கே உட்கார்ந்து பார்க்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியுமா என்று கேட்டேன். பட்டையைக் குழந்தை உள்ளே இறங்கும்போது கட்டினால் போதும். யோசித்துப் பார்ப்பதாகச் சொன்னார். செருப்பு அலமாரியைச் சற்று நகர்த்தினால் இடம் கிடைக்கும் என்று அவராகவே சேர்த்துச் சொன்னதால், அது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல என்று நம்புகிறேன்.

நகரத்தின் பங்கு

ஒரு கஃபே செய்யக்கூடியது அவ்வளவுதான், மீதி நகரத்தின் கடமை. ஐக்கிய நாடுகள் அவை 1989இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. இந்தியா அதில் 1992இல் இணைந்தது. அந்தப் பிரிவை விளக்கி 2013இல் வெளியான பொதுக் கருத்துரை, விளையாட்டு என்பது குழந்தைகளே தொடங்கி, குழந்தைகளே நடத்துவது என்றும், பெரியவர்களின் கட்டுப்பாடு இல்லாத நேரமும் இடமும் அதற்குத் தேவை என்றும் சொல்கிறது. ஓய்வும் விளையாட்டும் ஒரே பிரிவில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது, ஏனெனில் ஓரமாக நின்று பார்ப்பது இரண்டிலும் சேரும்.

இதைக் கல்லிலும் மணலிலும் கட்டிக் காட்டியவர் டச்சுக் கட்டடக் கலைஞர் ஆல்டோ ஃபான் எய்க். போருக்குப் பிந்தைய ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் பொதுப்பணித் துறையில் வேலை செய்தபோது, 1947இல் பெர்டெல்மன்பிளைன் என்ற சிறு சதுக்கத்தில் அவர் முதல் விளையாட்டுத் திடலை அமைத்தார். 1978 வரை அந்த நகரத்தில் அவர் வடிவமைத்தவை எழுநூறுக்கும் மேல். அந்த முதல் திடலின் முக்கியப் பகுதி ஒரு மணல் தொட்டி. அதைச் சுற்றி அகலமான, தாழ்ந்த கான்கிரீட் விளிம்பு. குழந்தைகள் அதன்மேல் மணல் பலகாரம் செய்யலாம், நடக்கலாம், அல்லது வெறுமனே உட்கார்ந்து மற்றவர்களைப் பார்க்கலாம். அந்த விளிம்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தை திடலுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. படங்களில் அதைப் பார்க்கும்போதெல்லாம் நம் திண்ணையை யாரோ வெகுதூரத்தில் மறுபடி கண்டெடுத்ததாக எனக்குத் தோன்றும்.

கொளுத்தும் வெயிலும் மழைக்காலமும் உள்ள நகரத்துக்குக் கூரையுள்ள இடமும் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. தென்கொரியாவில் தனியார் குழந்தைகள் கஃபேக்கள் பல ஆண்டுகளாகப் பிரபலம். சியோல் மாநகர நிர்வாகம் 2022 முதல் குறைந்த கட்டணத்தில் தானே அவற்றை நடத்தத் தொடங்கியது. அங்கேயும் வருகைக்கு நேரப் பிரிவுகள் உண்டு, ஆனால் நேரத்தின் விலை குறைந்தால் பெற்றோரின் பதற்றமும் குறையும் என்று எண்ணுகிறேன். சென்னையில் சமுதாயக் கூடங்கள் பல, விசேஷம் இல்லாதபோது பூட்டிக் கிடக்கின்றன. விசேஷம் இல்லாத நாள்களில் அங்கே ஒரு பாயும் சில பொம்மைச் சாமான்களும் மின்விசிறியும் இருந்தாலே போதும். மெத்தைத் தரையும் பந்துக் குளமும் வேண்டும் என்று எந்தக் குழந்தையும் முதலில் கேட்டதில்லை.

தங்கைக்கு நான் சொன்ன விளக்கத்தில் பாதிதான் ஒப்புதல். ஆய்வுகள் எல்லாம் சரி, ஆனால் அடுத்த ஆண்டு பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் அவன் எப்படிச் சமாளிப்பான் என்று கேட்கிறாள். அது பொய்யான கவலையல்ல. பள்ளி இடைவேளைக்கும் ஒரு மணி அடிக்கிறது, அங்கே ஹோட்டல் மூடியாச்சு என்று சொல்லும் பிள்ளைகள் இன்னும் நிறைய. என்றாலும் அவள் ஒன்றை மாற்றிக்கொண்டிருக்கிறாள். இப்போதெல்லாம் வெயில் தாழ்ந்ததும் அவர்கள் வீட்டுக்கு அருகில் உள்ள மாநகராட்சிப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறாள், போனதும் "போய் விளையாடு" என்று சொல்வதில்லை. அங்கே சறுக்குமரத்தைச் சுற்றி உட்கார எதுவும் இல்லை. பெரியவர்களுக்கான சிமென்ட் இருக்கைகள் நடைப்பயிற்சிப் பாதையோரமாக, விளையாடும் இடத்துக்கு முதுகைக் காட்டியபடி இருக்கின்றன. எனவே அவன் நிற்கிறான், கால் வலித்தால் தரையில் குந்திக்கொள்கிறான். அந்தப் பகுதியின் மாமன்ற உறுப்பினருக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கும் மனுவில் புதிய ஊஞ்சல் கேட்கவில்லை. சறுக்குமரத்துக்கு எதிரே உள்ள வேப்பமர நிழலில், ஒன்றரை அடி உயரத்தில், நான்கு பிள்ளைகள் உட்காரும் அகலத்தில் ஒரு திட்டைக் கட்டித் தரும்படி கேட்டிருக்கிறோம்.